ஒன்றரைக் கிலோ சீஸும் கிளாராவின் துப்பாக்கி விசையும்

1979 ஜனவரி 13: ஏர்ன்ஸ்ட் ஹாபெக்கர், ஆண்டுச் சந்தா, 35 ஃபிராங்க்.
1979 பிப்ரவரி 18: மேற்படியாருக்குத் திருப்பித் தந்தது, 0.
1983 அக்டோபர் 8: விசையை இலகுவாக்கக் கடைக்காரர் கேட்ட கூலி, 140.
1983 அக்டோபர் 15: நைசான தீட்டுக்கல், 11.50.
அதே நாள்: மெருகுப் பசை, சிறிய டப்பி, 3.80.
1983 அக்டோபர் 22: ராணுவ உபரிக் கடையில் பழைய கொக்கி ஒன்று, 9.
1983 அக்டோபர் 24: சீஸ், ஒன்றரைக் கிலோ, 18.60.
1984 ஜூன் 2: அபராதம், 50.

இவற்றில் சந்தா மட்டும் எங்கள் ஹின்டர்எக் துப்பாக்கிச் சங்கத்துக்கு வந்த பணம். மற்றதெல்லாம் ஏர்ன்ஸ்ட்டின் மனைவி கிளாராவின் கணக்கு. சங்கச் செயலாளராக இருந்ததால் ரசீதுகளை நான் பார்த்திருக்கிறேன். கிளாரா தானாகவே காட்டினார். கடைக்காரர் கேட்ட நூற்று நாற்பதுக்குப் பதிலாகத் தான் செலவழித்தது எவ்வளவு குறைவு என்று யாரிடமாவது காட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கிளாரா எங்கள் ஊர் சீஸ் கூடத்தில் பிறந்தவர். நடக்கப் பழகியதே நிலவறையில், சீஸ் வட்டுகளைப் பிடித்துக்கொண்டுதான். இருபத்து நாலு வயதில் ஏர்ன்ஸ்ட்டைக் கட்டிக்கொண்டார். ஏர்ன்ஸ்ட்டிடம் பதினோரு மாடுகளும் பாதி சதுப்பாகக் கிடந்த ஒரு மேய்ச்சல் நிலமும் இருந்தன. கிளாராவிடம் வாய் இருந்தது. உறை ஊற்றாமலே பாலைத் திரிய வைக்கும் வாய் என்று பக்கத்து வீட்டு கோட்லீப் சொல்வார். கோட்லீப் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர், எங்கள் சங்கத்தில் சுடுகிறவரும்கூட. கிளாராவோடு அரை மணி நேரம் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வெளியே வரும் ஒரே ஆள்.

ஏர்ன்ஸ்ட் இருபத்திரண்டு வருடம் எங்கள் போட்டிக் குழுவில் ஆறாவது ஆளாக இருந்தார். குழுவில் சுடுகிறவர்கள் ஐந்து பேர். ஆறாவது ஆள் வேனில் கூட வருவார், பைகளைத் தூக்குவார், ஃப்ளாஸ்க்கிலிருந்து காஃபி ஊற்றுவார், ஐவரில் ஒருவருக்கு முடியாமல் போனால் சுடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருக்கும் முடியாமல் போகவில்லை. ஒருவர் குடலிறக்கத்தோடு வந்து குப்புறப் படுத்துச் சுட்டார்.

1979 பிப்ரவரியில், ஒரு ஞாயிறு பிரசங்கத்தின்போது ஏர்ன்ஸ்ட் இறந்தார். பிரசங்கத்தில் அவர் தூங்குவது வழக்கம் என்பதால், கடைசிப் பாட்டு முடிந்து ஆட்கள் தொப்பியை மாட்டும்வரை யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

அடுத்த ஞாயிறு கிளாரா கறுப்பு உடையோடு சங்கக் கட்டடத்துக்கு வந்தார். சங்கத் தலைவர் ஒஸ்கார், ஏர்ன்ஸ்ட்டின் சொந்தத் தம்பி. கிளாரா உட்காரவில்லை.

"முப்பத்தஞ்சு ஃபிராங்க் கட்டியிருக்கார். இந்த வருஷம் ஒரு குண்டு கூடச் சுடல. திருப்பிக் குடு, ஒஸ்கார்."

"விதியில எடமில்ல, கிளாரா. கட்டினது கட்டினதுதான்."

"செத்தவர் வந்து சுடுவாரா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். நானே வந்து சுட்டுக் கழிச்சுக்கறேன். மார்ச்சுல எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"

ஒஸ்கார் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு சாயங்காலம் தேடினார். பெண்கள் சுடக்கூடாது என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாடுகள் சுடக்கூடாது என்றும் எழுதவில்லை. ஆகவே மார்ச்சில் கிளாரா வந்தார், கணவரின் ராணுவத் துப்பாக்கியோடு. சந்தாவைச் சுட்டுக் கழித்த பிறகும் வந்தார். அடுத்த வருடம் தன் பெயரில் கட்டினார்.

நன்றாகத்தான் சுட்டார். கண் கூர்மை, மூச்சு நிதானம். கோளாறு விரலில் இருந்தது. 1961இல் தொழுவச் சங்கிலியில் சிக்கி அவருடைய வலது ஆள்காட்டி விரல் நசுங்கியிருந்தது. நடுக்கணு பாதிதான் மடங்கும். அந்த விரலுக்கு ஏர்ன்ஸ்ட்டின் துப்பாக்கி விசை ஒத்துவரவில்லை. இரண்டே கால் கிலோ இழுக்க வேண்டும். அதுவும் சீராக வராது. கொஞ்சம் வரும், நிற்கும், மணலில் வண்டி இழுக்கிற மாதிரி சொரசொரவென்று மறுபடி வரும். எங்கே விடுபட்டுக் குண்டு பாயும் என்று தெரியாது. விடுபடுவதற்குள் கை நடுங்கிக் குண்டு கீழே இடது பக்கம் போய்விடும்.

குழுவுக்கு ஆள் எடுக்கும் 1983 இலையுதிர் காலத் தேர்வில் அவர் ஆறாவதாக வந்தார். ஒஸ்கார் ஃப்ளாஸ்க்கைக் கொண்டுவந்து கிளாராவின் முன்னால் வைத்தார்.

"ஏர்ன்ஸ்ட்டோட எடம் காலியாத்தான் இருக்கு. சர்க்கரை எனக்கு ரெண்டு."

கிளாரா ஃப்ளாஸ்க்கை அவர் பக்கமே தள்ளினார். "எங்க வீட்டுல ஒருத்தர் ஆறாவதா இருந்தது போதும். வசந்தத்துல பாரு, அஞ்சுக்குள்ள வரேன்."

"அந்த விரலை வெச்சுக்கிட்டா?"

"விரலை மாத்த முடியாது. மத்ததை மாத்தலாம்."

விதிப்படி விசை ஒன்றரைக் கிலோவைத் தாங்க வேண்டும். காலித் துப்பாக்கியைச் சுடத் தயாராக்கி, நேராக நிறுத்தி, விசையில் எடைக்கல்லை மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். கல் தரையை விட்டு எழும்ப வேண்டும், விசை விடுபடக் கூடாது. அப்படியானால் இரண்டே காலிலிருந்து ஒன்றரை வரை இறங்கலாம், முக்கால் கிலோ லாபம் என்று கிளாரா கணக்குப் போட்டார். டவுனில் துப்பாக்கி ரிப்பேர் கடைக்காரர் அதற்கு நூற்று நாற்பது கேட்டார். ஒஸ்கார் தன்னுடையதைப் பத்து வருடம் முன்பு அங்கேதான் செய்துகொண்டார், அதே நூற்று நாற்பதுக்கு.

"பல் டாக்டரே புடுங்கறதுக்கு இவ்வளவு கேக்கறதில்ல," என்று சொல்லிவிட்டுக் கிளாரா நேராகக் கோட்லீப் வீட்டுக்குப் போனார்.

கோட்லீப் விசைப் பொறியைக் கழற்றி மேஜையில் பரப்பினார். தையல் மெஷினை விடப் பாகங்கள் குறைவு என்றார். பிறகு வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னால் நிபந்தனை போட்டார்.

"மொதல்ல தோட்டா மொத்தமும் உன் வீட்டை விட்டு வெளிய போகணும். டப்பாவோட கொண்டாந்து இங்க குடுத்துடு."

"உன் பொண்டாட்டி கையில கெடைச்சா?"

"பரவால்ல, அவளுக்குக் குறி சரியில்ல. அடுத்தது, ஸ்பிரிங்கை வெட்டாத. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங், கோழிக்கூண்டு ஸ்பிரிங்னு எதையாவது உள்ள திணிக்காத. உன்னை எனக்குத் தெரியும்."

"கோழிக்கூண்டு ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்கு."

"கோழிக்கு. அப்புறம், தோட்டாவைக் குத்தி வெடிக்க வெக்கற ஊசியைப் புடிச்சுக்கிட்டு இருக்கற இந்தக் கொக்கி இருக்கு பாரு, இதோட முகத்தை மெருகேத்தணும், அவ்வளவுதான். தேய்ச்சுக் கொறைக்கக் கூடாது. கோணம் இம்மி மாறக் கூடாது. மாறிச்சுன்னா இது துப்பாக்கி இல்ல, எலிப்பொறி. கதவை ஓங்கிச் சாத்தினாலே வெடிக்கும்."

ஏர்ன்ஸ்ட்டின் கொக்கியை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, உபரிக் கடையில் வேறொன்று வாங்கி அதில் பழகச் சொன்னார். கெட்டால் ஒன்பது ஃபிராங்க்கோடு போகும்.

முதல் வேலை துடைப்பது. உள்ளே இருந்து வந்ததை கிரீஸ் என்று சொல்ல முடியாது. ஏர்ன்ஸ்ட்டின் ராணுவ வாழ்க்கை முழுவதும் தார் போல உறைந்து வெளியே வந்தது. பெட்ரோலில் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பூட்டியபோது விசையின் சொரசொரப்பு பாதி போய்விட்டது. ஒரு காசு செலவில்லை என்று கிளாரா அன்று ஊர் முழுக்கச் சொன்னார். மீதி வேலைக்கு எடைக்கல் வேண்டும். சங்கத்தில் ஒன்று இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். சாவி ஒஸ்காரின் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது.

"கல்லை ஒரு வாரம் குடு, ஒஸ்கார்."

"அது சங்கத்துச் சொத்து. சங்க வேலைக்கு மட்டுந்தான்."

"நான் சங்கந்தானே?"

"நீ உறுப்பினர். சங்கம்ங்கறது வேற."

புதுக்கல் கடையில் நாற்பத்தெட்டு ஃபிராங்க். கிளாரா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அன்றே சீஸ் கூடத்துக்குப் போய், பெரிய வட்டிலிருந்து துல்லியமாக ஒன்றரைக் கிலோ துண்டு ஒன்றை வெட்டச் சொன்னார். கூடத்துத் தராசு அரசாங்க முத்திரை போட்டது. இரண்டு தடவை ஓரம் சீவி, ஒரு கிராம் கூட இல்லாமல் நிறுத்து வாங்கினார். "வேலை முடிஞ்சதும் தின்னுக்கலாம். இரும்பை வாங்கினா தின்ன முடியுமா?" என்று கோட்லீபிடம் கேட்டார்.

சீஸை நூல் வலைப்பையில் போட்டு நிலவறையில் தொங்கவிட்டார். ஜனவரியில் நிலவறைப் படிகளில் பனி உறைந்து வழுக்கியதால் வலைப்பையை மேலே கொண்டுவந்து, வேலை செய்கிற அறையில், அறையைச் சூடாக்கும் ஓட்டு அடுப்புக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டினார். கையெட்டும் தூரம்.

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. கல்லில் கொக்கியின் முகத்தை ஒரே திசையில் சில இழுப்பு, கழுவல், பூட்டல், சீஸைத் தொங்கவிடல். சீஸ் எழும்பி நின்றால் மறுபடி கழற்றல். பிப்ரவரி கடைசியில் விசை வேறு மாதிரி ஆகிவிட்டது. லேசாக வந்து ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் காய்ந்த ரொட்டித் துண்டு முறிவது போலச் சட்டென்று விடுபடும். சீஸை மட்டும் தூக்கினால் தாங்கியது. சீஸோடு ஒரு தீப்பெட்டி நிறைய ஆணி சேர்த்தால் விடுபட்டது.

"போதும், இதுக்கு மேல கை வெக்காத," என்றார் கோட்லீப். "இப்ப அடிச்சுப் பாரு."

அடித்துப் பார்ப்பது என்றால், காலித் துப்பாக்கியைச் சுடத் தயாராக்கி, பின்கட்டையைப் பலகைத் தரையில் ஓங்கிக் குத்துவது, பக்கவாட்டில் ரப்பர் சுத்தியால் தட்டுவது, தோட்டா அறையின் பூட்டை வேகமாக அறைந்து மூடுவது. எதற்கும் அது தானாக விடுபடக் கூடாது. கிளாரா இதைச் செய்துகொண்டிருந்தபோது பாஸ்டர் உள்ளே வந்தார். தட்டினாராம், சத்தத்தில் கேட்கவில்லை.

"என்ன செய்றீங்க, ஹாபெக்கர் அம்மா?"

"தானா சுடுதான்னு பாக்கறேன், பாஸ்டர்."

"சுட்டுட்டா?"

"வேலை சரியில்லன்னு அர்த்தம். உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம், குழல் அங்கதான் பாக்குது. காலிதான், இருந்தாலும் கோட்லீப் திட்டுவான்."

பாஸ்டர் அடுப்பருகே உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஆணியில் சீஸ் தொங்குவதைப் பார்த்தார். பனியில் நடந்து வந்தவர்.

"நல்ல சீஸ் போல இருக்கே."

"அது சாப்பிடறதுக்கில்ல."

கிளாரா ஹாபெக்கர் சீஸைத் தின்னாமல் சாமி படம் போலச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார், கஞ்சத்தனம் இந்த அளவுக்கு வந்துவிட்டது என்று அந்த வாரமே ஊரில் பேச்சு பரவியது. கிளாரா மறுக்கவில்லை. துப்பாக்கி எந்த அடிக்கும் அசையவில்லை. அவருக்கு அது போதும்.

ஏப்ரல் தேர்வில் கிளாரா மூன்றாவதாக வந்தார். ஒஸ்காரின் மருமகன் ரெட்டோ ஆறாவது. தேர்வுக்கு முன்னால் எல்லார் விசையையும் சங்கம் எடை போட வேண்டும் என்பது விதி. "நமக்குள்ள என்ன எடை கிடை," என்றார் ஒஸ்கார். அலமாரி திறக்கப்படவில்லை.

ஜூன் 2 வட்டாரச் சுற்று. நல்ல வெயில். எங்கள் ஐவரும் நன்றாகச் சுட்டார்கள், கிளாரா எல்லோரையும் விட நன்றாக. வட்டாரத்தில் இரண்டாம் இடம். கான்டன் எனப்படும் எங்கள் மாநிலத்தின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் சங்கம் அதுவரை போனதே இல்லை. ஒஸ்கார் ஐஸ் போட்ட பியருக்குச் சொல்லியிருந்தார். அப்போது வைக்கோல் தொப்பி போட்ட சோதனைக்காரர் வந்து, குழுவுக்கு ஒரு துப்பாக்கி வீதம் சீட்டு எடுத்தார். எங்கள் சீட்டில் கிளாராவின் பெயர் வந்தது.

கல்லை மாட்டித் தூக்கினார். டிக்.

"இன்னொரு தடவை தூக்கு," என்றார் கிளாரா. சுடுகளத்தில் யாரும் யாருக்கும் நீங்கள் போடுவதில்லை.

டிக். மூன்றாவது தடவையும் டிக் என்று விசை விடுபட்டது.

"உன் கல்லு சரியில்ல."

"முத்திரை போட்ட கல்லும்மா இது."

"முத்திரையை யார் பாத்தா. சாஸேஜ் விக்கற எடத்துல தராசு இருக்கு, வா."

இருவரும் போனார்கள், பின்னால் நாங்கள் எல்லோரும். கல் சரியாக ஒன்றரைக் கிலோ. வந்ததற்குச் சோதனைக்காரர் ஒரு சாஸேஜ் வாங்கிக்கொண்டார். எங்கள் குழுவின் புள்ளிகள் மொத்தமும் ரத்து, ஐம்பது ஃபிராங்க் அபராதம். அபராதத்தைக் கிளாரா அங்கேயே கட்டினார், நோட்டை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு.

வேனில் பாதி வழி வந்தோம். பிறகு கோட்லீப் மெதுவாகக் கேட்டார்.

"கிளாரா, அந்தச் சீஸை நிலவறையிலதானே வெச்சிருந்த?"

கிளாரா வெளியே பார்த்தார்.

"அடுப்புக்குப் பின்னாலயா?"

"படியெல்லாம் வழுக்கிச்சு."

ஊர் வந்ததும் வலைப்பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு இருவரும் நேராகச் சீஸ் கூடத்துக்குப் போனார்கள். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கிராம். அடுப்புச் சூட்டில் நூற்றுப் பத்து கிராம் காய்ந்து போயிருந்தது. அடுப்பருகே சீஸை வைத்தால் சுண்டும் என்பது எங்கள் ஊரில் ஐந்து வயதுக்கு மேல் எல்லோருக்கும் தெரியும். வேறொருவர் வீட்டில் அப்படி மாட்டியிருந்தால் கிளாரா வாசலிலிருந்தே கத்தியிருப்பார். ஆனால் விலை கொடுத்து நிறுத்து வாங்கிய அந்த நிமிடத்திலிருந்து அது அவருக்குச் சீஸ் இல்லை, எடைக்கல். கல் எங்கேயாவது காயுமா?

"சீஸ் கூடத்துல பொறந்தவ," என்று கோட்லீப் சொன்னார். ஊராரும் சொன்னார்கள், பல மாதம்.

நவம்பர் பொதுக்கூட்டத்தில் ஒஸ்கார் தீர்மானம் கொண்டுவந்தார், கிளாரா இனி போட்டிக் குழுத் தேர்வில் கலந்துகொள்ளவே கூடாது என்று. தேர்வுக்கே வரமுடியாவிட்டால் ஆறாவது இடம் கூட இல்லை. கிளாரா எழுந்து நின்றார்.

"நான் ஏமாத்தல. தப்பா நிறுத்துட்டேன். கல்லு அலமாரிக்குள்ள இருந்துச்சு, சாவி உன் வயித்துக்குக் கீழ இருந்துச்சு. அங்க நான் கை வெக்கவா முடியும்?"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. வாக்கெடுப்பு சமமாக வந்ததால் தீர்மானம் தோற்றது. தீர்மானம் வென்றால் லாபம் அடைந்திருக்க வேண்டிய ரெட்டோ அந்த நேரம் கழிப்பறையில் இருந்தார். கூட்டத்துக்குக் கிளாரா வெங்காயமும் சீஸும் போட்டு ஒரு பெரிய அப்பம் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். அது எந்தச் சீஸ் என்று நான் கேட்கவில்லை.

தோற்ற கோபத்தில் ஒஸ்கார் வேறொரு விதி போட்டார். இனி வசந்தத்தில் எல்லார் விசையையும் தானே எடை போடுவார். வட்டாரத்திலும் அப்படியே முடிவானது. அடுத்த வருடம் முதல் சுடுவதற்கு முன்பே எல்லாத் துப்பாக்கிக்கும் எடை, தாங்கினால் ஒட்டுச்சீட்டு, ஒட்டுச்சீட்டு இல்லாமல் சுட முடியாது. எல்லாம் ஒரு துண்டு சீஸால் வந்தது.

கிளாரா நாற்பத்தெட்டு ஃபிராங்க் கொடுத்துப் பித்தளை எடைக்கல் வாங்கினார். அந்த வாரம் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஏர்ன்ஸ்ட்டின் பழைய கொக்கியை எடுத்துச் சுத்தம் செய்து, பாதி மெருகு மட்டும் ஏற்றி, மறுபடி தரையில் குத்திப் பார்த்துப் பூட்டினார். இந்தத் தடவை கல்லுக்கு மேல் ஒரு கைப்பிடி ஆணியையும் தாங்கியது. சட்டத்துக்குள் வந்தது, விரலுக்குக் கொஞ்சம் கனம்.

1985 ஏப்ரலில் ஒஸ்கார் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு துப்பாக்கியாகக் கல்லை மாட்டித் தூக்கினார். எல்லாம் தாங்கின.

"உன்னுது?" என்றார் கிளாரா.

"என்னுது கடையில செஞ்சது. ரசீது இருக்கு."

"ரசீதைத் தொங்கவிட முடியாதே, ஒஸ்கார்."

"பத்து வருஷமா ஒரு கொறையும் சொன்னதில்ல அது."

தலைவரின் துப்பாக்கி, ரசீது காட்டப்பட்டது, என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன். பிறகு தேர்வு நடந்தது. ரெட்டோ இரண்டாவது, கோட்லீப் நாலாவது, ஒஸ்கார் ஐந்தாவது. கிளாரா, ஒஸ்காருக்கு ஒரு புள்ளி கீழே, ஆறாவது. கடைசிக் குண்டு கீழே இடது பக்கம் போயிருந்தது.

ஒஸ்கார் ஃப்ளாஸ்க்கை நீட்டினார். கிளாரா ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 15 வட்டாரச் சுற்று. ஆறு துப்பாக்கிகளையும் மேஜையில் வைத்தோம். அதே சோதனைக்காரர், அதே தொப்பி. கிளாராவைப் பார்த்ததும், "தராசு அதே எடத்துலதான் இருக்கு," என்றார். அவருடையதைத்தான் முதலில் தூக்கினார். தாங்கியது. ஒட்டுச்சீட்டு ஒட்டினார். அடுத்து ரெட்டோ, கோட்லீப், மற்ற இருவர், எல்லாம் தாங்கின. ஒஸ்காருடையது கடைசி.

டிக்.

"கையை ஆட்டிட்ட," என்றார் ஒஸ்கார்.

மறுபடி தூக்கினார். டிக்.

"வெயில்ல எண்ணெய் இளகியிருக்கும். நெழல்ல வெச்சா..."

"நெழல்ல வெச்சுட்டு அடுத்த வருஷம் கொண்டா," என்றார் சோதனைக்காரர்.

கடையில் சரியாகத்தான் செய்திருப்பார்கள். பத்து வருடம், ஆயிரக்கணக்கான குண்டு. முகம் தேயத்தான் செய்யும். ஒஸ்கார் கோட்லீபைப் பார்த்தார். எங்கள் முறைக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

"கால் மணி நேரத்துல கனமாக்க என்னால ஆகாது," என்றார் கோட்லீப். "ரசீதை மடிச்சு உள்ள சொருகிப் பாக்கறியா?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகப் படுத்துச் சுட வேண்டும் என்பதால் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் வாங்க வழியில்லை. ஒட்டுச்சீட்டோடு மிச்சமிருந்தது ஒன்றுதான். அது பெஞ்சில் கிளாராவின் பக்கத்தில் சாய்ந்திருந்தது. கிளாரா காஃபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உன் துப்பாக்கியைக் குடு," என்றார் ஒஸ்கார்.

"குடுக்கறேன். ஆனா அது தனியா வராது."

"என்னது?"

"நானும் கூட வருவேன்."

"கிளாரா, வெளையாடாத. குழுவுக்காகக் கேக்கறேன்."

"நானும் குழுவுக்காகத்தான் சொல்றேன். அதோட குறிமுள்ளு என் கண்ணுக்கு வெச்சது. நீ அதுல சுட்டா எவனோட மாட்டுக்காவது நான் பணம் கட்டணும்."

"யார் சுடறாங்களோ அவங்க பேரை இப்பச் சொல்லணும்," என்றார் சோதனைக்காரர்.

ஒஸ்கார் மற்றவர்களைப் பார்த்தார். இருவர் தங்கள் தோட்டாக்களை எண்ணினார்கள். கோட்லீப் வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஒஸ்கார் தன் மருமகனைப் பார்த்தார்.

"உக்காருங்க மாமா," என்றார் ரெட்டோ. "காஃபி ஆறுது."

நான் பெயரை எழுதிக் கொடுத்தேன். கிளாரா ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து முழங்கைக்கு அடியில் வைத்துப் படுத்தார். பின்னால் நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது அதிகமில்லை. முதுகு எழுந்து தாழ்ந்து நிற்கும், விரல் வளையாமல் குச்சி போலப் பின்னால் வரும், ஓர் இடத்தில் நிற்கும். அங்கே அவர் அவசரப்படவில்லை. கனம் கூடியிருந்தாலும் விசை எங்கே விடுபடும் என்று அவருக்கு இப்போது தெரியும். அந்த இடத்தை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தவர் அவர்தானே. ஒரு குண்டு மட்டும் பழைய வழக்கப்படி கீழே இடது பக்கம் போனது. ஐவரில் நாலாவதாக வந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "ஒஸ்கார், எனக்குச் சர்க்கரை வேணாம்," என்றார்.

குழு மேலே போகிறதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியாது. எல்லா வட்டாரத்துப் புள்ளிகளையும் சேர்த்து, முதல் நாற்பது குழுக்களுக்குக் கான்டன் சங்கம் கடிதம் போடும். வட்டாரத்தில் சுட்ட அதே ஐந்து பேர்தான் இறுதிச் சுற்றிலும் சுட வேண்டும், ஆள் மாற்றம் கிடையாது. கடிதம் சங்கத் தலைவர் வீட்டு முகவரிக்கு வரும்.

ஜூன் முடிந்தது. கிளாரா தலைவரிடம் எதுவும் கேட்கவில்லை. தபால்காரரிடம் தினமும் கேட்டார். தபால்காரர், ரகசியம் காப்பது தன் வேலை என்று சொல்லி ஒரு துண்டு சீஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்.

ஜூலை 5, வெள்ளிக்கிழமை, சங்கக் கட்டடத்தில் நாங்கள் இருந்தபோது ஒஸ்கார் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்து, மூலைகள் உருண்டு போயிருந்தன. உட்கார்ந்தபடியே வாசித்தார். முப்பத்தெட்டாம் இடம். இறுதிச் சுற்றுக்கு வர வேண்டியவர்கள் என்று நாலு பெயரைச் சத்தமாகவும் ஐந்தாவதைத் தொண்டைக்குள்ளும் படித்தார்.

"காது கேக்கல," என்றார் கிளாரா. "அஞ்சாவது யாரு?"

"ஹாபெக்கர்."

"எந்த ஹாபெக்கர்?"

"கிளாரா."

"எழுத்தெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

கோப்பில் சேர்ப்பதற்காகக் கடிதத்தையும் உறையையும் அவரிடமிருந்து கேட்டு வாங்கினேன். உறையின் மேல் முத்திரை ஜூலை 1. எங்கள் ஊருக்குத் தபால் மறுநாளே வந்துவிடும். தபால்காரரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கடிதம் வந்து சேர்ந்தது 1985 ஜூலை 2, செவ்வாய்க்கிழமை.